கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றார், நாங்கள் கரும்பலகை பூசினோம்

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை இந்த மே 31-ஆம் தேதி பணி ஓய்வு பெற்றார். ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் ஹெச்.எம். மேடம். எங்கள் செட்டுக்கு என்றைக்கும் கணக்கு டீச்சர். எங்களுக்கு ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் கணக்கு எடுத்துவிட்டு, மாறுதலில் வேறு ஊர்களுக்குப் போய், பதவி உயர்வில் 2018 ஜூன் மாதம் இதே பள்ளிக்குத் தலைமையாசிரியையாகத் திரும்பி வந்தார். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. தென்னை போனது, ஓடு போனது. பழைய கட்டடத்தின் நாலு வகுப்பறைகளில் மழைத் தண்ணீர் சுவரோடு சுவராக இறங்கியது. அப்படியும் பள்ளி திறந்த அன்றைக்கே வேப்பமரத்தடியில் வகுப்பு நடத்திக் காட்டியவர் அவர்.

அவருக்கு என்ன செய்வது என்று முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பிப்ரவரியிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. மோதிரம் என்றார்கள், வெள்ளிக் குத்துவிளக்கு என்றார்கள், சந்தன மாலை, வாழ்த்துமடல், வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் என்றார்கள். எல்லாம் அன்பில் சொன்னதுதான். ஆனால் அவர் சால்வையைக்கூட வாங்கி உடனே பக்கத்தில் இருப்பவருக்குப் போர்த்திவிடுகிறவர். அரசு ஊழியர் நடத்தை விதி என்று ஒன்று இருக்கிறது, பரிசுப் பொருள் வாங்கக் கூடாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

அப்போதுதான் எங்களோடு படித்த, இப்போது நர்சாக இருக்கும் தோழி ஒரு செய்தி போட்டாள். அவள் மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. “என் பொண்ணு நோட்டுல கணக்கு பூரா தப்பா எழுதிட்டு வர்றா. கேட்டா போர்டு பளபளன்னு மின்னுதும்மா, பக்கத்துல பாத்து எழுதுறேங்கிறா. நம்ம டீச்சர் கடைசி பெஞ்சுல போய் உக்காந்து போர்டைப் பார்ப்பாங்களே, ஞாபகம் இருக்கா?”

எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும் டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, நேராகக் கடைசி பெஞ்சுக்கு வருவார். எங்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அங்கிருந்து பலகையைப் பார்ப்பார். தசமப் புள்ளி சரியாகத் தெரியவில்லை என்றால் திரும்பிப் போய் அதைத் தடிமனாக்கிவிட்டு வருவார். “புள்ளி தெரியாம 3.14-ஐ 314-னு எழுதினா அது உங்க தப்பு இல்ல, என் தப்பு” என்பார். புதுச் சாக்பீஸை எடுத்ததும் பாதியாக உடைத்துக்கொள்வார், முழுசாகப் பிடித்து எழுதினால் கீச்சென்று கத்தும். எழுதியதை மறைத்துக்கொண்டு ஒருநாளும் நின்றதில்லை. பலகையின் கீழ்ப் பகுதியில் எழுதும்போது எழுத்தைப் பெரிதாக்குவார், முன்னால் இருக்கிறவர்கள் தலைக்கு மேலே தெரிய வேண்டுமே என்று.

அவர் சொல்லிக்கொடுத்த கணக்கில் பாதி எனக்கு மறந்துபோச்சு. நான் இப்போது ஒயர்மேன் வேலை பார்க்கிறேன். ஆனால் ஒரு வேலையை முடித்தால் அதைப் பயன்படுத்தப் போகிறவன் இருக்கிற இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அவரிடமிருந்து வந்தது. ஒரு வீட்டில் சுவிட்ச் போர்டு வைத்தால் அந்த வீட்டுப் பாட்டி கட்டிலில் படுத்தபடி கை நீட்டினால் எட்டுமா என்று பார்க்கிறேன். இதையெல்லாம் மேடையில் சொல்ல எனக்கு வராது. அதனால் பள்ளியின் கரும்பலகைகளை எல்லாம் சரிசெய்து கொடுப்பது என்ற யோசனை வந்தபோது முதல் ஆளாகக் கை தூக்கினேன்.

ரகசியமாகச் செய்து அசத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். பள்ளிக்குள் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் தலைமையாசிரியர் அனுமதி வேண்டும், அது நடக்காது. 2024-ல் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுகட்டமைப்பு செய்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அப்படி எங்களில் ஒருவர் குழுவில் இருக்கிறார். அவர் மூலமாகத் தீர்மானம் போட்டு டீச்சரிடமே போய் நின்றோம். அவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். “எனக்குன்னு செய்யாதீங்கப்பா. செஞ்சா ஆறாம் வகுப்புலேர்ந்து ஆரம்பிங்க, பன்னெண்டாம் வகுப்பு எப்படியும் சமாளிச்சுக்கும். பேர் பொறிச்ச கல்லு எங்கேயும் வைக்கக் கூடாது” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

பலகைகளைப் பார்த்தது

மொத்தம் 14 பலகைகள். 13 சுவரில் சிமெண்ட் பூசிக் கறுப்படித்தவை. ஒன்று மட்டும் மரம், முக்காலியில் நிற்பது, காலை இறைவணக்கக் கூட்டத்துக்கு வெளியே எடுத்து வைப்பார்கள்.

எங்களுக்கு மூத்த செட் அண்ணன் ஒருவர் முன்பு சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறார். இந்த வேலைக்கு அவர்தான் தலைமை. முதலில் ஒவ்வொரு பலகையிலும் ஒரே மாதிரி மூன்று வரி எழுதினார். ஒரு வரி தமிழ், ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தசமத்தோடு கணக்கு. சுவரெழுத்துக்காரர்கள் கணக்கு ஒன்று உண்டாம், பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. எங்கள் வகுப்பறை 24 அடி நீளம், அதனால் இரண்டரை அங்குல எழுத்து. பிறகு நர்ஸ் தோழியின் மகளைக் கூட்டிக்கொண்டு நாலு மூலை பெஞ்சிலும் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னோம், காலை பத்து மணிக்கு ஒருமுறை, மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை.

பெரியவர்கள் நாங்கள் “நல்லாத்தானே தெரியுது” என்று சொன்ன பலகையில்கூட அந்தப் பிள்ளை தடுமாறினாள். நாங்கள் நின்றுகொண்டு பார்த்தோம், அவள் உட்கார்ந்து பார்த்தாள், அதுதான் வித்தியாசம். ஜன்னலுக்கு எதிர் வரிசையில் மதியத்தில் பலகையின் பாதி வெள்ளையாக மின்னியது. ‘கற்றல்’ என்று எழுதியிருந்ததில் ற், ல் இரண்டின் புள்ளியும் காணவில்லை, அவள் ‘கறறல’ என்று படித்தாள்.

காரணம் எளிமையானது. பரப்பு வழவழப்பாக இருந்தால் ஒளி கண்ணாடியில் படுகிற மாதிரி ஒரே திசையில் திரும்பும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று படித்தோமே, அதேதான். ஜன்னல் வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் எதிர்ப்பக்கப் பிள்ளையின் கண்ணுக்குப் போகிறது. பரப்பு நுண்ணிய சொரசொரப்போடு இருந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறிவிடும், பலகையும் கறுப்பாகவே தெரியும். சாக்பீஸ் எழுதுவதும் அந்தச் சொரசொரப்பால்தான், அதில் உரசித்தான் தூள் ஒட்டுகிறது. எங்கள் பலகைகளில் பலவற்றுக்குக் கரும்பலகை பெயின்ட்டுக்குப் பதிலாக, கதவு ஜன்னலுக்கு அடிக்கும் சாதாரணக் கறுப்பு எனாமலை வருடா வருடம் அடித்திருந்தார்கள். அது காய்ந்ததும் பளபளக்கத்தான் செய்யும். போதாததற்கு தினமும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துத் துடைத்து இன்னும் மெருகேறிவிட்டது.

பச்சை நிறப் பலகை வாங்கி மாட்டிவிடலாமே என்று சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் கேட்டார், பணமும் தருவதாகச் சொன்னார். எஃகுத் தகட்டில் பீங்கான் பூச்சு உள்ள நல்ல பலகை வாங்கினால் நிஜமாகவே பல வருடம் உழைக்கும். ஆனால் 14 வாங்கக் கட்டுப்படியாகாது, மலிவானது சில வருடங்களில் மின்ன ஆரம்பித்துவிடும். சுவர்ப் பலகையை நன்றாகச் செய்தால் அடுத்த முறை ஊர்க்காரர்களே ஒரு டப்பா பெயின்ட் வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறதே என்றும் சிலர் கேட்டார்கள். இருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு “நீ வந்து போடு” என்று சொல்லும் இடம் இன்னும் கரும்பலகைதான்.

கொத்து வேலை

ஒன்பது பலகைகளுக்குச் சுரண்டி பெயின்ட் அடித்தால் போதும். பழைய கட்டடத்தில் இருந்த நாலும் அப்படியில்லை. விரல் மடக்கித் தட்டினால் டொப் டொப் என்று உள்ளே வெற்றிடச் சத்தம் கேட்டது. கஜா மழையில் இறங்கிய ஈரம் செங்கல்லில் இருந்த உப்பை மேலே கொண்டுவந்து, பூச்சைச் செங்கல்லிலிருந்து பிரித்திருந்தது. அந்த நாலையும் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

இதில் நாள் கணக்கு முக்கியம். புதுச் சிமெண்ட் பூச்சில் சுண்ணாம்புக் காரம் இருக்கும். அதன்மேல் அவசரப்பட்டு எண்ணெய் பெயின்ட் அடித்தால் அந்தக் காரம் பெயின்ட்டைத் தின்றுவிடும், உரிந்து வரும். குறைந்தது 28 நாள் விட வேண்டும். மே 31-க்குள் முடிய வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்து பள்ளி பூட்டிய உடனே பூச்சு வேலை ஆரம்பித்தாக வேண்டும். ஆரம்பித்தோம்.

எங்களோடு படித்த கொத்தனார் ஒருவரும் அவர் தம்பியும் வந்தார்கள், சித்தாள் வேலையை மற்றவர்கள் பார்த்தோம். பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை எடுத்தோம். வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைக் கம்பி பிரஷால் உலரத் தேய்த்துத் தூளைக் கூட்டி வெளியே கொட்டினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்டதற்கு, “கழுவுனா உப்பு கரைஞ்சு மறுபடி உள்ளதான் போகும்” என்றார் கொத்தனார். செங்கல் இடுக்குகளைக் கொஞ்சம் ஆழமாகச் சுரண்டிவிட்டு, பூசுவதற்கு முன் மட்டும் நனைத்தார்.

கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு சலித்த பி சாண்ட், அதாவது பூச்சு வேலைக்கான செயற்கை மணல். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பூச்சு. ரசமட்டம் வைத்து, நீளமான மட்டப்பலகையால் இழுத்தார். வழக்கமாகச் சுவருக்குக் கடைசியில் சிமெண்ட் பால் ஊற்றிக் கரண்டியால் வழவழவென்று தேய்ப்பார்கள். கரும்பலகைக்கு அது ஆகாது, மேலே தலைமுடி மாதிரி வெடிப்பு விழும், சாக்பீஸும் வழுக்கும். அதனால் பூச்சைச் சமப்படுத்தும் மணியாஸ்கட்டையோடு நிறுத்திக்கொண்டு, பூச்சு இறுகி வரும்போது ஈர ஸ்பாஞ்சால் வட்டம் வட்டமாக மெல்ல ஒற்றி எடுத்தார். உள்ளங்கையை வைத்துத் தடவினால் மாவு சலித்த மாதிரி ஒரு நெருடல் தெரிய வேண்டும், அதுதான் பதம் என்றார்.

ஓர் உதவி அங்கேயே செய்ய முடிந்தது. ஆறாம் வகுப்பு அறையில் பலகையின் அடிவிளிம்பு உயரமாக இருந்தது, சின்னப் பிள்ளைகள் குதிகாலைத் தூக்கி எழுத வேண்டியிருந்தது. புதிதாகப் பூசும்போது அதை முக்கால் அடி கீழே இறக்கிவிட்டோம்.

அப்புறம் கத்திரி வெயில். பூச்சை நனைப்பது பெரிய வேலையாகிவிட்டது. காலையில் ஊற்றிய தண்ணீர் பதினோரு மணிக்கெல்லாம் காய்ந்துவிடும். அரிசி மூட்டைச் சாக்குகளை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் முன்னாள் மாணவிகள் இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு மூன்று வேளையும் நனைத்தார்கள். ஒரு வாரம் முழுக்க அப்படி. ஒருவர் கைக்குழந்தையோடு வந்து குழந்தையை வராண்டாவில் விளையாடவிட்டு நனைத்துக்கொண்டிருந்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசியபோது அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, அப்பா சம்மதிக்கும்வரை டீச்சர் எழுந்து போகவில்லை. பன்னிரண்டாவது முடித்து, டிகிரி முடித்து, இப்போது கூட்டுறவு வங்கியில் வேலை. அவரிடம் யாரும் வேலை சொல்லவில்லை, அவராகவே வாளியோடு வந்தார்.

சுரண்டல், உப்புத்தாள், பெயின்ட்

அந்த நாலின் பூச்சு காயக் காத்திருந்த நாட்களில் மற்ற ஒன்பது பலகைகளிலும் வேலை நடந்தது. எனாமலைப் பட்டித் தகட்டால் சுரண்டினோம். அடியில் எத்தனையோ வருடத்துப் பெயின்ட் அடுக்கு அடுக்காக இருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் கிளப்பினால் அது நம் நுரையீரலுக்கும் போகும், தரையில் படிந்து பிள்ளைகள் கைக்கும் போகும். ஆகவே தண்ணீர் தொட்டு, தண்ணீரில் ஊறாத உப்புத்தாளால் தேய்த்தோம், முகக்கவசம் போட்டோம், கீழே பழைய ஃப்ளெக்ஸை விரித்துக் கழிவை அதிலேயே சுருட்டி எடுத்தோம்.

120 நம்பர் தாளில் தொடங்கி 220-ல் முடித்தோம். அதற்கு மேல் நைஸாகப் போகக் கூடாது. ஆணி அடித்த ஓட்டை, காம்பஸ் முனை குத்திய பள்ளம் இவற்றுக்கு மட்டும் லப்பம், அதாவது பள்ளம் அடைக்கும் பட்டி வைத்தோம். பலகை முழுக்கப் பட்டி பார்த்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பட்டி மென்மையானது, சாக்பீஸ் அழுத்தத்தில் கோடு கோடாகப் பள்ளம் விழும்.

கரும்பலகை பெயின்ட்டை டப்பா திறந்ததும் அடித்துவிடக் கூடாது என்பது அண்ணன் சொல்லிக்கொடுத்தது. மின்னாமல் இருக்கச் செய்கிற பொடி டப்பாவின் அடியில் படிந்திருக்கும். மேலே இருப்பதை மட்டும் எடுத்து அடித்தால் அதுவும் எனாமல் மாதிரி பளபளக்கும். ஒரு தட்டைக் குச்சியால் அடிவரை கிளறி, இன்னொரு டப்பாவுக்கு மாற்றி, திரும்ப ஊற்றி, அடியில் கட்டி இல்லை என்று பார்த்த பிறகே டர்பன்டைன் சேர்த்தார். அதுவும் கொஞ்சம்தான், பிரஷ் இழுபடாத அளவுக்கு.

விடியற்காலையில் அடித்து ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டோம். வெயில் ஏறினால் ஓர் ஓரத்தை அடித்து மறு ஓரத்துக்கு வருவதற்குள் முதல் ஓரம் இறுகிவிடும், சேருமிடத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். இரண்டு பேர் ஆளுக்குப் பாதியாக நின்று, ஈரம் காய்வதற்குள் நடுவில் வந்து சேர்ந்தார்கள். முதல் கோட் குறுக்குவாட்டில், மறுநாள் லேசாகத் தேய்த்துவிட்டு இரண்டாவது கோட் மேலிருந்து கீழாக, சின்ன ஸ்பாஞ்ச் ரோலரில். ரோலர் விட்டுப்போகும் அந்த மெல்லிய நெருடல்தான் சாக்பீஸுக்கு வேண்டிய பிடிமானம்.

காய்ந்த பிறகு எழுதுவதற்கு முன் இன்னொரு வேலை உண்டு, இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் ஓர் இடம் விடாமல் தேய்த்து வெள்ளையாக்கி, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். நுண்ணிய குழிகளில் தூள் சமமாக ஏறிக்கொள்ளும். இல்லாவிட்டால் முதன்முதலில் எழுதிய எழுத்து எவ்வளவு அழித்தாலும் நிழலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

பத்தாம் வகுப்பில் ஒரு பலகையின் வலப்பக்கத்தை வரைபடத்துக்கென்று ஒதுக்கினோம். பொதுத் தேர்வில் வரைபடத்துக்கு எட்டு மதிப்பெண், செய்முறை வடிவியலுக்கு எட்டு. ஒவ்வொரு வகுப்பிலும் கோடு கோடாகக் கையால் இழுத்தே நேரம் போகிறது என்று இப்போதைய கணக்கு ஆசிரியர் சொன்னார். ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் குறி வைத்து, மஞ்சள் சாக்பீஸ் தூளில் புரட்டிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டி அடித்தோம். நூல் தடத்தின் மேல் அண்ணன் ஒற்றை முடி பிரஷால் மங்கலான பச்சையில் கோடு இழுத்தார், அளவுகோல் வைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. வெள்ளைக் கோடு போட்டால் சாக்பீஸ் கோட்டோடு குழம்பும், அதனால் பச்சை. கை நடுங்காமல் அவர் அத்தனை கோட்டையும் போட்டு முடித்ததைப் பார்க்க சுற்றிலும் கூட்டம் நின்றது. சுவரெழுத்துக்கு இப்போது அழைப்பே இல்லை என்று அவர் அடிக்கடி சொல்வார். அன்றைக்கு அந்தக் கைக்கு வேலை கிடைத்தது.

வெளிச்சம் என் பொறுப்பு. பல வகுப்பறைகளில் டியூப் லைட் பலகைக்கு நேர் எதிரே பின்சுவரில் இருந்தது. அது பலகையில் விழுந்து நேராகப் பிள்ளைகள் கண்ணுக்கே திரும்பும். பலகைக்கு இரண்டரை அடி முன்னால், மேலே உத்தரத்தில், மறைப்புத் தகடு வைத்து எல்இடி குழல் விளக்குகளை மாட்டினேன். மேலிருந்து சாய்வாக விழும் வெளிச்சம் கீழே தரைப்பக்கம் திரும்பிவிடும். பலகையை ஒட்டியிருக்கும் முதல் ஜன்னலின் கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளை அடித்தோம், வெளிச்சம் வரும், நேர்க் கதிர் வராது.

மரப்பலகை

அந்த மரப்பலகையின் பின்பக்கத்தில் 1961 என்று மங்கலாக எழுதியிருந்தது. காமராசர் முதல்வராக இருந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார்கள். ஊர்க்காரர்களே பள்ளிக்கு வேண்டியதைக் கொடுத்தார்கள், கட்டடம், பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை என்று. எங்கள் பலகையும் அப்படி வந்ததுதான் என்றார் எழுபதைத் தாண்டிய மூத்த மாணவர் ஒருவர். பிறகு 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987-ல் தொடங்கிய தொடக்கப் பள்ளித் திட்டத்துக்கே மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் என்றுதான் பெயர் வைத்தது. ஒரு பள்ளியென்றால் முதலில் அது வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதற்குப் பெயின்ட் வேண்டாம் என்று அந்தப் பெரியவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அவர் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமை மதியம் மாணவர்களே பலகைக்குக் கரி பூசுவார்களாம். கொட்டாங்குச்சிக் கரியை அம்மியில் மையாக அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்து எடுத்தார். வேலியில் படர்ந்திருந்த கோவை இலையையும், வாய்க்கால் கரையில் பறித்த ஊமத்தை இலையையும் இடித்துச் சாறு பிழிந்தார். கரியில் சாறு விட்டுக் குழைத்து, துணிப் பந்தால் மரத்தின் நரம்புக்குக் குறுக்கே தேய்த்து, நிழலில் காயவைத்து, மறுபடி தேய்த்தார். மூன்றாம் பூச்சில் பலகைக்கு வந்த கறுப்பு, கடைப் பெயின்ட்டில் நான் பார்க்காதது. மின்னவே இல்லை. ஊமத்தை நஞ்சு, அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் பார்வை மங்கிவிடும். அதனால் சிறுவர்களை அந்த வேலையில் சேர்க்கவில்லை, அவரும் கையுறை போட்டுக்கொண்டார், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினார்.

ஒரு பலகை மட்டும் நிற்கிறது

மே கடைசி வாரம் புதுப் பூச்சுப் பலகைகளுக்குப் பெயின்ட் அடிக்கும் முன் ஈரம் பார்த்தோம். ஒரு முழம் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விட்டோம். காலையில் மூன்றில் தாள் உலர்ந்து இருந்தது. எட்டாம் வகுப்பு ஆ பிரிவில் தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தது. மேலே ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இன்னும் ஓர் ஒழுகல் இருக்கிறது, கோடை மழை ஒன்று பெய்தது அதற்குப் போதுமாக இருந்தது. அடித்துவிட்டால் 31-ஆம் தேதி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், தீபாவளிக்குள் உரிந்து விழும். டீச்சரிடம் நேரே போய்ச் சொன்னோம். “விழாவுக்காக அடிக்காதீங்க. மொதல்ல ஓட்டைப் பாருங்க” என்றார். அந்த அறைக்கு அதுவரைக்கும் ஒரு பழைய தொங்கு பலகையை மாட்டி வைத்திருக்கிறோம்.

31-ஆம் தேதி மாலை பணி ஓய்வு விழா. பேச்செல்லாம் சுருக்கமாக முடிந்தது. டீச்சர் ஒவ்வொரு வகுப்பறையாக வந்தார். ஒவ்வொன்றிலும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சுவரெழுத்து அண்ணனைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார், கொத்தனாரைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். அவர் தயங்கினார், பத்தாவதில் கணக்கில் தவறியவர், மறுதேர்வு எழுதவில்லை. “பேரை எழுதுடா” என்றார் டீச்சர். அவர் தன் பெயரைப் பெரிதாக எழுதினார். “புள்ளி தெரியுது” என்றார் டீச்சர் பின்னாலிருந்து. அவர் பெயரில் மூன்று மெய்யெழுத்து உண்டு. ஏழாம் வகுப்பில் ஜன்னலோரம், எதிர் வரிசை, இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னிடம், வலது பக்க விளக்கை இன்னும் அரையடி நடுவுக்குத் தள்ளலாம் என்றார். சொன்னது சரி. அன்றைக்கே ஏணி போட்டுத் தள்ளி வைத்தேன். மரப்பலகையின் முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த வேலை நாளுக்கான மொத்தம், வந்தோர், வராதோர் கட்டங்களைத் தன் கையால் போட்டுவிட்டுப் போனார்.

பராமரிப்புக்காக ஒரு தாள் எழுதி அலுவலக அறையில் கொடுத்திருக்கிறோம். தினமும் உலர்ந்த டஸ்டர் போதும். டஸ்டரை வகுப்புக்கு வெளியே தட்ட வேண்டும். ஈரத்துணி வாரம் ஒருமுறை, பிழிந்து, அழுத்தாமல். ஈரம் முழுசாகக் காய்வதற்குள் எழுதக் கூடாது. எண்ணெய் கலந்த எதையும் பூசக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மே மாதம் 220 தாளால் லேசாகத் தேய்த்து ஒரு கோட். அதற்கான பெயின்ட் டப்பாவின் பெயரும் வகையும் எழுதி, தீர்ந்துபோன ஒரு டப்பாவையும் அடையாளத்துக்கு வைத்திருக்கிறோம், கடையில் போய் வெறும் கறுப்பு பெயின்ட் என்று கேட்டு எனாமலை வாங்கி வந்துவிடக் கூடாது என்பதற்காக.

எட்டாம் வகுப்பு ஆ பிரிவின் ஓட்டுக்கு ஜூலையில் ஆள் ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழை வருவதற்குள், காலாண்டு விடுமுறையில் பாலிதீன் தாளை மறுபடி ஒட்டிப் பார்ப்போம். உலர்ந்திருந்தால் அன்றைக்கே பெயின்ட். பக்கத்துத் தெருவில்தான் டீச்சர் வீடு, நனைக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.